ரூத்தை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போன நாவல்

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும், பிந்தி வந்ததை எப்படிப் பதிவது என்பதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரம் கைவந்துவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரு வாசகர் உங்கள் முன்னால் நின்று "நல்ல புத்தகம்" என்று சொல்லும்போது, அவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று பிடிப்பதுதான் கஷ்டம். எனக்கு அது பிடிபடுவதற்குள் தலை நரைத்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலாளராக இருந்த அவுஸ்திரேலியப் பெண்மணி அதிகம் பேச மாட்டார். புத்தகம் திருப்பித் தரும் மேசையில் என்னை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "எப்படி இருந்தது என்று யாரிடமும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு மனிதர்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது." வேறு என்ன கேட்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த மிச்சப் பாதியை நான் கண்டுபிடித்தது, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மோசமான காதல் நாவலின் தயவில்.

மேற்கு சிட்னியில் எங்கள் கிளையில் ஒரு தமிழ் வாசகர் வட்டம் நடத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். தமிழ்ப் புத்தகமும் வாசிப்போம், ஆங்கிலப் புத்தகமும் வாசிப்போம், கதைப்பது மட்டும் தமிழில். தலைவர் நடராசா அங்கிள், ஓய்வு பெற்ற எஞ்சினியர். நல்ல மனுசன். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் அவருக்குள்ளிருந்து வேறு ஒருவர் எழுந்து வந்துவிடுவார். எங்கள் ஆட்களுக்குப் புத்தகம் என்றால் வெளியீட்டு விழா, வெளியீட்டு விழா என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, ஆறேழு பேர் வரிசையில் வந்து புகழ்வது. அதில் ஒருவருக்கு 'விமர்சன உரை' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும். அவர்தான் எல்லோரையும் விடக் கூடப் புகழ்வார்.

எங்கள் வட்டத்தில் ஸ்டெல்லா என்று ஒருவர் இருந்தார். மன்னார்க்காரி, மெரிலேண்ட்ஸில் வீடு. அவருடைய மகள் ஷாமினி, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் நிலையமொன்றில் வேலை செய்கிற பிள்ளை, ஒருவருக்கும் சொல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, அமெரிக்காவில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் போட்டும் விட்டது. புனைபெயரில்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதி, குதிரை வண்டிக் காலம், இரட்டைச் சகோதரிகள், தொப்பி போட்ட ஒரு பண்ணைக்காரன். அட்டையில் அவன் மேல்சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் பூட்டியிருக்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் ஸ்டெல்லாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. நடராசா அங்கிள் உடனே அறிவித்தார், அடுத்த கூட்டத்தில் இந்த நாவல்தான், எழுத்தாளரையும் அழைக்கிறோம் என்று. நானும் எல்லோருக்கும் பிரதிகள் வரவழைத்துக் கொடுத்தேன்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஷாமினி வேலை உடுப்போடு என் மேசைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அன்ரி, ஒரு ஹெல்ப் வேணும். ஓன்லைன்ல கனபேர் எழுதியிருக்கினம், ஏமாற்றமா இருந்தது எண்டு. ஏன் ஏமாற்றம் எண்டு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லினமில்லை. வீட்டில எல்லாரும் சுப்பர் எண்டினம். அம்மா ஃபோன் எடுக்கிற ஆக்களுக்கெல்லாம் சுப்பர் எண்டுறா."

"அப்ப என்ன பிரச்சினை?"

"செக்கண்ட் புக் பாதியில நிக்குது. முதலாவதில எங்க பிழைச்சது எண்டு தெரியாம என்னால ஒரு லைன் கூட எழுத ஏலாமக் கிடக்கு. உங்கட ஆக்களும் சுப்பர் எண்டா, நான் பப்ளிஷருக்கு வேண்டாமெண்டு எழுதிப்போட்டு விட்டிடுவன். ஐ மீன் இட்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் எத்தனையோ பேர் எழுதத் தொடங்கியதையும் விட்டதையும் பார்த்தவள். திட்டு வாங்கி எழுத்தை விட்டவர்களைவிட, எல்லோரும் தட்டிக்கொடுத்ததால் எங்கே பிழை என்று தெரியாமலே விட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்கு ஏற்கனவே தெரியும். நடராசா அங்கிள் மேசையில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவன் மாட்டுப் பண்ணைக்காரன் எண்டுதானே கதை? முழுப் புத்தகத்திலையும் ஒரு மாடு வரேல்லை. அவனுக்கு என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தார். கிரவீனில் இருந்து வரும் சீதா, கோயம்புத்தூர்க்காரர், "பாதிக்கு மேல போகவே முடியலைங்க, நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். ஸ்டெல்லாவோ வரும்போதெல்லாம் "வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அக்கா" என்று சொல்லித் தவணையை நீட்டிக்கொண்டே போனார். பெற்ற தாய் ஒரு சின்ன நாவலை இவ்வளவு காலம் வாசித்தால் அதற்கு என்ன அர்த்தம்?

இதையெல்லாம் நான் ஷாமினியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசகர் மேசையில் சொன்னது மேசையோடு இருக்க வேண்டும். இந்த வேலையில் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் எதை வாசித்தார், எங்கே அலுத்தார், எதற்கு அழுதார் என்பது அவருடைய சொந்த விஷயம். வைத்தியர் வாயைக் காப்பதுபோல நாமும் காக்க வேண்டும். ஆகவே, "கூட்டத்துக்கு வா, பாப்பம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கூட்ட நாள் வந்தது. கூட்ட அறைக்குள் போனால் நடராசா அங்கிள் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருக்கிறார். மேலே புகை கண்டால் அலறும் கருவி. "அங்கிள், இதைக் கொளுத்தினா ஃபயர் பிரிகேட்தான் பிரதம விருந்தினரா வரும்" என்றேன். கடைசியில் பற்றரியில் எரியும் மெழுகுதிரிகளை விளக்கின் மேல் அடுக்கி, ஷாமினியை விட்டு ஒவ்வொன்றாக சுவிட்ச் போட வைத்தார்கள். மேசையில் பென்டில் ஹில் கடையொன்றில் வாங்கிய பொன்னாடை, கண்ணாடிக் கடதாசிக்குள் பளபளத்துக்கொண்டிருந்தது.

நடராசா அங்கிள் தொடங்கினார். "எமது மண்ணின் புதல்வி அமெரிக்க மண்ணையே தன் பேனாவால் வென்று வந்திருக்கிறார்." கைதட்டல். அடுத்து சீதா எழுந்து, "ரொம்ப விறுவிறுப்புங்க, கீழே வைக்கவே மனசு வரலை" என்றார். பாதியில் கீழே வைத்த அதே சீதா. அடுத்தவர் நடை அழகு என்றார். அதற்கு அடுத்தவர் அட்டை அழகு என்றார். ஸ்டெல்லா முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் வாய் வரும்?

நான் ஷாமினியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். எழும்பிப் போக ஆயத்தமானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அந்த நேரம் இரண்டு வழிதான் தெரிந்தது. ஒன்று, எழுந்து நின்று "எல்லாரும் பொய் சொல்லுறியள்" என்று போட்டு உடைப்பது. என் குணத்துக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மற்றது, வாயைப் பொத்திக்கொண்டு பொன்னாடையைப் போர்த்தவிட்டு, அந்தப் பிள்ளை எழுத்தை விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதலாவது வழியில் என்னை நம்பிச் சொன்ன எல்லோரையும் காட்டிக்கொடுக்கிறேன். இரண்டாவதில் ஷாமினியைக் கைவிடுகிறேன்.

அப்போதுதான் பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்த ஜெயம் அன்ரி என் கண்ணில் பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணில் வெண்புரை எடுத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. புத்தகத்தைத் தொடவே இல்லை. வீட்டில் இருக்க அலுப்பாக இருக்கிறது என்று வடை சாப்பிட வந்திருந்தார்.

நடராசா அங்கிள் பொன்னாடையைக் கையில் எடுத்துவிட்டார். நான் எழுந்தேன்.

"அங்கிள், ஒரு நிமிசம். ஜெயம் அன்ரிக்குக் கண் ஒப்பரேஷன். அவ கதையே வாசிக்கேல்லை. கதை தெரியாம அவ எப்பிடிக் கை தட்டுறது? ஆராவது அவவுக்கு முதல்ல இருந்து கதையைச் சொல்லுங்கோ."

படம் பார்த்துவிட்டு வந்து, பார்க்காதவருக்குக் கதை சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அதில் ஒருவருக்கும் பயம் இல்லை, மரியாதைப் பேச்சும் இல்லை. சீதா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜெயம் அன்ரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு பொண்ணுங்க ஆன்ட்டி. ரட்டைப் பிறவி. கிளாரா, ரூத். இந்த ரூத்துதான் அந்தப் பண்ணைக்காரன் ஜேக்குக்கு லெட்டர் போட்டு, போட்டோ அனுப்பி, கல்யாணம் பேசி முடிக்கிறா. ரயில் ஏற வேண்டிய நாள்ல, ஸ்டேஷன்ல வெச்சு, 'நான் போகலை, நீ போ'ன்னு அக்காவை ஏத்தி விட்டுடறா. ஒரே மூஞ்சிதானே, அவனுக்குத் தெரியாது."

"ஏன் இவள் போகேல்லை?" என்றார் ஜெயம் அன்ரி.

"அதைத்தான் சொல்லலைங்க."

"சொல்லேல்லையோ? பிறகு?"

"கிளாரா போய் இறங்கறா. அவனைப் பாத்ததும் காதல்."

"இறங்கின உடனையோ?"

"இறங்கின உடனே."

ஜெயம் அன்ரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "விசர்க் கதை கதையாதை பிள்ளை. நானும் மாப்பிள்ளையின்ரை படத்தைப் பாத்துத்தான் இஞ்ச வந்தனான். ஏர்போட்டிலை அந்த மனுசன் பூச்செண்டோடை நிக்குது. எனக்கு வந்தது காதலே? திரும்பிப் போற பிளேன் எத்தினை மணிக்கு எண்டுதான் நான் பாத்தனான்."

அறை முழுக்கச் சிரிப்பு. எங்கள் வட்டத்தில் பாதிப் பெண்கள் அப்படி வந்தவர்கள்தான். படம் ஒன்று, தொலைபேசியில் கொஞ்சக் கதை, பிறகு விமான நிலையம். அமெரிக்க மேற்கில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள இறங்கி நிற்கும் பெண்ணின் கண் எங்கே போகும் என்று நன்றாகத் தெரியும். ஆளுக்கு ஆள் தங்கள் ஏர்போட் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் பெட்டி வரவில்லை என்று பொய் சொல்லி உள்ளேயே நின்றாராம். இன்னொருவர் வேறு யாரோ ஒருவரைப் பார்த்து, அவர்தான் மாப்பிள்ளை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிட்டாராம்.

"இதில ஒண்டும் புத்தகத்தில இல்லையே" என்றார் ஜெயம் அன்ரி.

"ஒரு மாடும் இல்லை" என்றார் நடராசா அங்கிள். பொன்னாடை இன்னும் கையில்தான் இருந்தது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அணை உடைந்துவிட்டது.

"அதை விடுங்கோ. ஸ்டேஷனிலை நிண்ட மற்றவளுக்கு என்ன நடந்தது?" ஜெயம் அன்ரி விடுவதாயில்லை.

"கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பாத்தேன், கல்யாணத்துக்குப் பூவோட வந்து சிரிக்கிறா, அவ்ளோதான்" என்றார் சீதா. "எனக்கு அதனாலதாங்க புத்தகம் பாதியில விழுந்துச்சு. அவதான் லெட்டர் எழுதினா, அவதான் கனவு கண்டா. அவளை பிளாட்ஃபார்ம்ல விட்டுட்டு நான் எப்படி அந்த ஜேக்கோட குதிரையில போறது?"

"அது தியாகம்" என்றார் நடராசா அங்கிள்.

"என்ன தியாகம்? காரணம் சொல்லாத தியாகத்தை நான் நம்ப மாட்டன்" என்றார் ஜெயம் அன்ரி.

வாக்குவாதம் சூடேறியது. ரூத்துக்கு நோய் இருந்திருக்கும் என்றார் ஒருவர். வேறு காதல் இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். சற்று முன் அட்டையைப் புகழ்ந்த அதே ஆட்கள், இல்லாத ஒரு பெண்ணுக்காகச் சண்டை பிடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஷாமினி கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையின் நுனிக்கு வந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் வாட்டம் போய்விட்டது.

"நான் ரூத்தை விட்டிட்டன்" என்றாள். "நீங்க சொல்லுறது சரி. எனக்கு அவவை எழுதப் பயமா இருந்தது."

"ஏன் பிள்ளை பயம்?" என்று நான் கேட்டேன்.

அவள் தாயைப் பார்த்தாள். "அது... பெரியம்மா."

ஸ்டெல்லாவின் தலையாட்டல் நின்றது.

"அப்பான்ர சம்பந்தம் முதல்ல பெரியம்மாவுக்குத்தான் வந்ததெண்டு சின்ன வயசில கேட்டிருக்கிறன். பிறகு அம்மா வந்தவா. வீட்டில அந்தக் கதை எடுத்தாலே அம்மா எழும்பி, அடுப்பைப் பாக்கப் போறமாதிரி குசினிக்குள்ள போயிடுவா. பெரியம்மான்ர லைஃபை அம்மா எடுத்திட்டா, அதான் அம்மாவுக்கு அந்தக் கவலை எண்டு நான் நினைச்சன். அதான் இரட்டைப் பிள்ளையளாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனனான், ஒருத்தருக்கும் விளங்காதெண்டு. ஆனா ஸ்டேஷனுக்கு வந்த உடனை... அம்மா வாசிக்கப்போறா எண்டு நினைச்சாக் கை ஓடேல்லை. ஸொரி அம்மா."

ஒரு நாவலைப் பற்றி உண்மை பேச வைக்கப் போய், ஒரு குடும்பத்தின் புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று பயந்தேன். கூட்டத்தை முடித்துவிடலாம் என்று வாய் எடுத்தேன். பிறகு ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அது அழப்போகிற முகம் இல்லை.

"நானும் அந்த ஸ்டேஷனோடை புத்தகத்தை மூடி வைச்சிட்டன்" என்றார் ஸ்டெல்லா. "பிள்ளைக்கு என்னவோ பிழையா விளங்கியிருக்கெண்டு தெரிஞ்சுது. எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை." கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "உங்கட அப்பா இஞ்ச இல்லைத்தானே?"

"காருக்குள்ள இருக்கிறார்."

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினார். "அக்கா ஒரு தியாகமும் செய்யேல்லை. மாப்பிள்ளையின்ரை படம் வந்தது. அக்கா வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தா. பாத்திட்டு, 'இந்த விரிஞ்ச காதைப் பாத்துக்கொண்டு என்னால காலம் முழுக்க இருக்கேலாது' எண்டு படத்தை என்ரை கையிலை தந்திட்டுப் போட்டா. பிறகு தனக்குப் பிடிச்ச ஆளைக் கட்டி, பிரின்சிபலா இருந்து ரிட்டயரும் ஆகிட்டா. இண்டைக்கும் ஃபோனிலை, 'காது எப்பிடி இருக்கு' எண்டுதான் என்னட்டைக் கேப்பா. உங்கட அப்பாவை முன்னாலை வைச்சுக்கொண்டு நான் இதை எப்பிடிச் சொல்லுறது? சிரிப்பு வந்திடுமெண்டுதான் குசினிக்குள்ள ஓடுறனான்."

ஷாமினி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தாள், அழுதாள், தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். சின்ன வயசிலிருந்து சுமந்த பாரம் அது. "அம்மா, காதுக்காகவா?" என்று அவள் கேட்கக் கேட்க, ஸ்டெல்லா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, "அதுக்கென்ன, எனக்கு அந்தக் காது பிடிச்சிருந்தது" என்றார்.

"பாத்தியளோ, ஒரு காரணம் இருந்திருக்கு" என்றார் ஜெயம் அன்ரி. "இதை எழுதியிருந்தா நான் ஒற்றைக் கண்ணாலையாவது வாசிச்சிருப்பன்."

இரண்டாவது நாவலில் ரூத் வருகிறாள். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்தான் அது தொடங்குகிறது. மாடும் வருகிறது, நடராசா அங்கிளுக்காக. அது நல்ல புத்தகமா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்வேன், நடுவில் எழும்ப விட மாட்டேன். அதிலிருந்து நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாசகர்களையும் அப்படியே கதை சொல்ல விடுங்கள். எதைத் தாண்டிப் போகிறார்கள், எங்கே குரல் உயர்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். அவர்களும் தப்புவார்கள், எழுதியவரும் தப்புவார், நீங்களும் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் தப்புவீர்கள்.

அன்றைக்குக் கூட்டம் முடிய வெகுநேரமாகிவிட்டது. காத்திருந்து அலுத்துப்போய், ஷாமினியின் அப்பா கார்ச் சாவியோடு உள்ளே வந்தார். கதவைத் திறந்து, "என்ன, இன்னும் முடியேல்லையோ?" என்றார். மாலை வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் எல்லோரும், நடராசா அங்கிளும் கண்ணாடியைத் தூக்கிவிட்ட ஜெயம் அன்ரியும் உட்பட, ஒரே நேரத்தில் அவருடைய காதைப் பார்த்தோம். ஸ்டெல்லா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினி எந்தப் பக்கம் என்று தேடினார்.

நடராசா அங்கிள்தான் சமாளித்தார். நேரே போய், கையிலிருந்த பொன்னாடையைப் பிரித்து அந்த மனுசனுக்குப் போர்த்திவிட்டார்.